புத்தகம், மலை, சேமிப்பு: 41 ஆயிரம் சம்பளத்தில் எதை விடுவது?

ஷிஃப்ட்_முடிஞ்சது

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வந்து படித்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 29. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு, மூன்று ஷிஃப்ட்டும் உண்டு. பிஎஃப் எல்லாம் பிடித்தது போகக் கைக்கு 41,000. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சினிமாகூட மாதம் ஒன்று பார்த்தால் அதிகம். இருப்பது மூன்று கிறுக்கு: புத்தகம், மலையேற்றம், அப்புறம் பணக்கணக்கு. மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் எனக்கு அது நிஜமாகவே பொழுதுபோக்கு. எக்செல்லில் பதினொரு ஷீட் வைத்திருக்கிறேன். 45 வயதில் வேலையை விட்டால் எவ்வளவு வேண்டும், இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் பத்தாயிரம் போட்டால் எவ்வளவு வரும், பணவீக்கம் ஒரு சதவீதம் கூடினால் என்ன ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் சாயந்திரம் ஆகிவிடும். ஷீட்டில் நான் கோடீஸ்வரன். நிஜத்தில் 23-ஆம் தேதிக்கு மேல் ரூம்மேட்டிடம் கை நீட்டுகிறேன்.

கணக்கை அப்படியே வைக்கிறேன். அறை வாடகையில் என் பங்கு 8,500. வீட்டுக்கு 10,000. ஏலச்சீட்டு 5,000, கழிவு, அதாவது சீட்டை எடுக்கிறவர் விட்டுக்கொடுப்பதில் என் பங்கு, வந்தால் கொஞ்சம் குறையும் (ஒரு லட்சம் சீட்டு, இருபது மாதம், இது ஒன்பதாவது, இன்னும் எடுக்கவில்லை). பைக் டியூ 3,600. மலையேறும் சாமான் வாங்கிய இஎம்ஐ 2,150. கிரெடிட் கார்டில் 32,000 பாக்கி, அதற்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் 1,600 கட்டி வருகிறேன். ஆக 30,850 போய்விடுகிறது. மிச்சம் 10,150-ல் சாப்பாடு, பெட்ரோல், போன், புத்தகம், மலை எல்லாம். அவசரத்துக்கு என்று 60,000 ஃபிக்சட் டெபாசிட்டில் கிடக்கிறது, அதைத் தொடக்கூடாது என்று ஒரு வைராக்கியம்.

கட்டிலுக்கு அடியில் படிக்காத புத்தகம் 64. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய், பத்து சதவீதம் தள்ளுபடி என்று 6,000 ரூபாய்க்கு அள்ளி வந்தேன், அதில் படித்தது இரண்டு. மலைக் கதை இன்னும் மோசம். போன வருஷம் மலையேறுகிற பெங்களூர் கும்பல் ஒன்றோடு கர்நாடகத்தில் இருக்கிற குமார பர்வதம் போனேன். ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்து, ஒன்று விழுந்தேவிட்டது. நல்ல ஷூ இல்லாததுதான் காரணம் என்று 9,500-க்கு ஷூ. ஷூ வந்ததும் அதற்கேற்ற முதுகுப்பை, பை வந்ததும் இரண்டு பேர் படுக்கிற டென்ட். டென்ட்டை ஒரே ஒரு தடவை விரித்திருக்கிறேன், மொட்டைமாடியில். உள்ளே படுத்திருந்தபோது வீட்டு ஓனர் டார்ச் அடித்துப் பார்த்துத் திருடன் என்று கத்திவிட்டார்.

அம்மா சொல்வது ஒரே வரி: “நம்மூரைச் சுத்தி மலையா இருக்கு, காசு குடுத்து மலை ஏறப் போறியா?” வீட்டில் பெண் பார்க்கிற பேச்சும் ஆரம்பித்துவிட்டது, அடுத்த வருஷத்துக்குள் ஒரு லட்சமாவது கையில் வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டால்தான் தேறுவேன் போலிருக்கிறது. எதை விடுவது? இதே மூன்றையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். புத்தகப் பட்டியல், “இந்த ஃபண்ட் வாங்கு” எல்லாம் வேண்டாம், அது என்னிடமே ஏகப்பட்டது இருக்கிறது.


வரவு_செலவு

தம்பி (எனக்கு 46, கூப்பிடலாம்), எதையும் விட வேண்டாம். மூன்றாவதை முதலில் ஆரம்பியுங்கள். நீங்கள் இதுவரை செய்துகொண்டிருப்பது பணக்கணக்கு இல்லை, ஜாதகம் பார்ப்பது.

பதினொரு ஷீட் போட்ட ஆள் ஒரு சின்னக் கணக்கை விட்டுவிட்டீர்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்). 32,000-க்கு 1,120. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஒரு 200. ஆக 1,320 அப்படியே போகிறது. நீங்கள் கட்டுகிற 1,600-ல் அசலில் குறைவது 280 ரூபாய். இதை அம்மாவிடம் “கிரெடிட் கார்டு” என்று சொல்லாதீர்கள், “மூன்றரை வட்டிக்கு வாங்கியிருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த பஸ்ஸில் ஓசூருக்கு வந்து நிற்பார். இன்னொன்று, பழைய பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும். பெட்ரோலுக்கு அதைத்தான் தேய்க்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள்.

இந்தப் பக்கம் 60,000 டெபாசிட். ஏழு சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 4,200. அந்தப் பக்கம் 32,000-க்கு வருஷத்துக்கு நாற்பத்திரண்டு சதவீதம், ஜிஎஸ்டி தனி. ஏழுக்குக் கொடுத்துவிட்டு நாற்பத்திரண்டுக்கு வாங்குகிறீர்கள். டெபாசிட்டை உடையுங்கள். முன்கூட்டியே எடுத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள், அது ஒரு விஷயமே இல்லை. கார்டை முழுசாக அடையுங்கள், மிச்சம் 28,000-ஐத் திரும்ப டெபாசிட் போடுங்கள், மாதம் கட்டிக்கொண்டிருந்த அந்த 1,600-ஐ ஆர்டியில் (மாதாமாதம் கட்டுகிற டெபாசிட்) போடுங்கள். ஒன்றரை வருஷத்தில் டெபாசிட் பழையபடி அறுபதுக்கு வரும்.

சாமான் இஎம்ஐ “நோ காஸ்ட்” என்று வாங்கினீர்களா? சும்மா எதுவும் வராது. வட்டியை விலைக்குள் ஒளித்திருப்பார்கள், அல்லது மொத்தமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைத்திருக்காது, பிராசஸிங் ஃபீஸ் ஒன்று தனியாக இருக்கும். ஜீரோ சதவீத வட்டி என்று ஆசை காட்டும் திட்டங்களைப் பற்றி 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டது. பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வந்துவிட்டார்கள். சரி, வாங்கியது வாங்கியதுதான், கட்டி முடியுங்கள்.

சீட்டு பதிவு செய்ததா? 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு இருந்தால் நடத்துகிறவர் கமிஷன் ஏழு சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. தெருவில் தெரிந்த அக்கா நடத்துகிற சீட்டு என்றால் சட்டம் பேசிப் பயனில்லை, அக்காவைத்தான் நம்ப வேண்டும். பதிவு செய்ததாக இருந்து, அவசரப்பட்டுக் கழிவு விட்டு எடுக்காமல் கடைசிவரை போனால் 93,000 அளவுக்குக் கைக்கு வரும், இன்னும் பதினொரு மாதம். கல்யாணத்துக்கு ஒரு லட்சம் வேண்டும் என்றீர்களே, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இது உங்கள் பதினொரு ஷீட்டில் எதிலாவது இருக்கிறதா?


சும்மா_சொல்றேன்

அவசர நிதியை உடைக்கச் சொல்வது தப்பான ஆலோசனை. நாளைக்கு பைக்கில் விழுந்தால் 28,000-ஐ வைத்து என்ன செய்வது? எனக்கு 2020-ல் மூன்று மாதம் சம்பளம் இல்லை, டெபாசிட்தான் சோறு போட்டது. கார்டை மெதுவாக அடைக்கலாம். நண்பர் மலையை விடட்டும், புத்தகமாவது உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம். கல்யாணம் ஆனால் தானாக எல்லாம் நின்றுவிடும், கவலைப்பட வேண்டாம்.


வரவு_செலவு

பைக்கில் விழுந்தால் அதே கார்டில் 32,000 லிமிட் காலியாக இருக்குமே, அதுவும் வட்டியில்லாத நாட்களோடு. இப்போது பாக்கியும் நிற்கிறது, லிமிட்டும் இல்லை. உங்கள் 2020 அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு உங்களுக்குக் கார்டு பாக்கி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் சம்பளம் இல்லாத மூன்று மாதமும் மூன்றரை வட்டி கட்டியிருப்பீர்கள்.


நைட்_டூட்டி

நான் நர்ஸ், பதினான்கு வருஷமாக ராத்திரி டூட்டி. தம்பியின் பதிவில் எனக்கு இடித்தது மூன்று ஷிஃப்ட் என்ற வார்த்தைதான். ஒரு காரியம் செய்யுங்கள். ஷூ, பை, டென்ட், புத்தகம் எல்லாம் ஆர்டர் போட்ட நேரம் ஆப்பில் இருக்கும், இல்லையென்றால் வங்கி எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

நான் ஒரு தடவை பார்த்தேன். புடவை, குக்கர், வாட்டர் ஃபில்டர், யோகா மேட், எல்லாம் அதிகாலை இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில் வாங்கியவை. அந்த நேரத்தில் வார்டு அடங்கியிருக்கும், கண் எரியும், தூங்கவும் முடியாது. கையில் போன். யோகா செய்ய முடியாத நேரத்தில் யோகா மேட் வாங்கினால் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இப்போது கூடையில் போட்டுவிட்டு விட்டுவிடுவேன். காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து பார்த்தால் பாதிப் பொருளை எதற்குப் போட்டேன் என்றே ஞாபகம் வராது. கார்டு எண்ணை ஆப்பில் சேமிக்காதீர்கள், பர்ஸைத் தேடி எழுந்து போக வேண்டும் என்பதே பாதி ஆசையை அடக்கிவிடும்.


தேனிக்காரன்

டென்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நண்பா, தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் நீங்களாகப் போய் டென்ட் அடித்துத் தங்க முடியாது, அனுமதியில்லாமல் உள்ளே நடப்பதே குற்றம். பெங்களூர் கும்பல் வாட்ஸப்பில் “எல்லாம் பேசியாச்சு” என்று சொன்னாலும் யாரிடம் பேசியாச்சு, ரசீது எங்கே என்று கேளுங்கள்.

நான் போடிக்காரன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் புகை எழுந்ததை ஊரிலிருந்தே பார்த்தவர்கள் நிறைய. கோடையில் அந்தச் சரிவெல்லாம் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். தீ புல்லில் ஏறினால் மேல்நோக்கித்தான் ஓடும், மனுஷன் ஓடுகிற வேகம் அதற்குப் பத்தாது. மலையேற வந்த பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் பாதிப்பேர் உங்கள் வயதுகூட இருக்க மாட்டார்கள். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு என்று அரசு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் “ட்ரெக் தமிழ்நாடு” என்று நாற்பது தடங்களைத் திறந்தார்கள். ஆன்லைனில் பதிவு, கூட உள்ளூர் வழிகாட்டி வருவார், அந்தந்த மலைக்காரப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் தடத்தைப் பொறுத்து, சில நூறில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். கோத்தகிரி லாங்வுட் சோலை மாதிரி சும்மா நடக்கிற தடமும் உண்டு, வட்டக்கானல் – வெள்ளகவி மாதிரி முட்டியைக் கேள்வி கேட்கிற தடமும் உண்டு. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் போல, அந்த நேரத்தில் லீவு போட்டு வைக்காதீர்கள். ஒரு நாள் நடை, காலையில் ஏறிச் சாயந்திரம் இறங்குவது. இதற்கு டென்ட் எதற்கு? விற்றுவிடுங்கள்.

அடுத்து நகம். அது ஷூ விலையால் போகவில்லை. இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி, ஒவ்வொரு எட்டுக்கும் பெருவிரல் ஷூ மூக்கில் முட்டும், ஆயிரம் தடவை முட்டினால் நகம் கறுக்காமல் என்ன செய்யும். நீங்கள் வாங்கிய 9,500 ஷூவும் சரியான அளவு இல்லையென்றால் அடுத்த இறக்கத்தில் அதே கதைதான். கயிறு கட்டாமல் காலை உள்ளே விட்டு விரல் முன்னால் முட்டும்வரை தள்ளுங்கள், அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். சாயந்திரம் பார்க்க வேண்டும், காலையில் கால் சுருங்கியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். மலைக்கு முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்க ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தட்டி, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், முன்பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். எங்கள் ஊரில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறுகிற ஆட்கள் ரப்பர் செருப்பில் போய் வருகிறார்கள், அவர்களுக்கு நகம் போவதில்லை.

முதுகுப்பைக்குள் மழைக்கு என்று தனி உறை வாங்காதீர்கள். பெரிய பாலிதீன் பையை உள்ளே விரித்து அதற்குள் துணியைப் போட்டால் போதும், திரும்பும்போது கையோடு கொண்டு வந்துவிடுங்கள், காட்டில் போடாதீர்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பைச் சின்னத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. அவ்வளவுதான் சாமான்.


பாராமகால்

எனக்கு உங்கள் அம்மாவின் கட்சிதான் சரி என்று படுகிறது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு குமார பர்வதத்துக்கு ராத்திரி பஸ் ஏறியிருக்கிறீர்கள், ராயக்கோட்டைக்குப் போனதுண்டா? பஸ்ஸில் ஒரு மணி நேரம், ரயிலிலும் போகலாம், ஓசூர் – தர்மபுரி பாதையில்தானே இருக்கிறது. அந்தப் பக்கம் போயிருந்தால் ஜன்னலில் அந்தப் பாறை தெரிந்திருக்கும். மேலே கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏறும் வழியில் மதில் துண்டு துண்டாகக் கூடவே வரும், மேலே சுனை, இடிந்த கட்டடங்கள், காற்று. பாறைச் சூடு தாங்காது, அதனால் ஆறு மணிக்குக் காலை வைத்து ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம், மேலே கடை கிடையாது.

நான் அங்கே ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு இடமாகத் தெரிவதற்குக் காரணம் படிப்பு. 1791-ல் திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதைப் பிடித்தது. அதே வருஷக் கடைசியில் கிருஷ்ணகிரிக் கோட்டையில் ஏற முயன்று அடி வாங்கித் திரும்பினார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் (நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தின் பழைய பெயர்) மொத்தமும் கம்பெனி கைக்குப் போனது, அப்புறம் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ ஏழு வருஷம் இந்தப் பக்கம் நிலத்தை அளந்துகொண்டு திரிந்தார். இதைப் படித்துவிட்டு ராயக்கோட்டை உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால், படை எந்தப் பக்கமாக வந்திருக்கும், பீரங்கியை எங்கே நிறுத்தியிருப்பார்கள் என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரி பாறையில் ஏறினால் கம்பெனிப் படை ஏன் தோற்றது என்று உங்கள் தொடையே சொல்லும்.

ஒரு சின்னத் தகவல்: கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, தர்மபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதனால் பழைய செய்திகளைச் சேலம் என்ற பெயரில் தேடினால்தான் சிக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள், எல்லாம் இலவசம், ராத்திரி மூணு மணிக்குக் கை அரித்தாலும் அங்கே பத்து பைசா செலவாகாது. இதே மாவட்டத்தில் மல்லச்சந்திரம் கற்திட்டைகள் இருக்கின்றன, பெருங்கற்காலத்து ஆட்கள் பாறைப் பலகைகளை வீடு மாதிரி நிறுத்தி வைத்தவை, ஒரு குன்று நிறைய.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மட்டும் தனியாகக் கிளம்பாதீர்கள், அது யானை நடக்கிற காடு, அனுமதியும் வேண்டும்.


நாலாவது_அலமாரி

நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 64 படிக்காத புத்தகம் என்று படித்ததும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. வீட்டுக்கு வாங்கிய புத்தகத்துக்குத் திருப்பித் தருகிற கெடு கிடையாது தம்பி, அதுதான் சங்கதி. நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தேதித்தாள் ஒட்டியிருக்கும், ஊதா மையில் முத்திரை. அந்தத் தேதிக்குள் படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பிக்க நேரில் வர வேண்டும். அந்தச் சின்னத் தொந்தரவுதான் ஆளைப் படிக்க வைக்கிறது. சில புத்தகத்தில் அந்தத் தாளைப் பார்த்தாலே ஒரு கதை தெரியும், 1993, 94-ல் வரிசையாகப் பத்து முத்திரை, அப்புறம் 2009-ல் ஒன்று, அதற்கப்புறம் வெற்றுத்தாள். 2009-ல் யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் தெரு தையல்காரர்.

உறுப்பினராகும் காப்புத்தொகை ஒரு பிரியாணி விலைகூட வராது. நான் வேலை பார்த்த இடத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்போம், ஷிஃப்ட் ஆட்கள் நிறையப் பேர் அன்றைக்குத்தான் வருவார்கள். ஓசூரில் எப்படி என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில்தான், 1948-ல், சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் முயன்றதன் பலன். சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். உங்கள் வீட்டு ஓனர் கட்டுகிறார், வாடகையில் உங்களிடம் வாங்கிவிடுகிறார். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய கடை அது, போய்ச் சாமானை எடுத்து வராமல் இருக்கிறீர்கள்.

64-ஐ என்ன செய்வது என்று கேட்பீர்கள். நூலகத்துக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள், நாங்களும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டோம். அதில் ஐந்தை மட்டும் எடுத்து மேசைமேல் வையுங்கள், மீதியை அட்டைப்பெட்டியில் கட்டி ஊருக்கு அனுப்புங்கள். ஐந்தும் தீர்ந்தால்தான் அடுத்த ஐந்து. ஊருக்குப் போய் எடுத்து வர வேண்டும், அம்மாவையும் பார்த்த மாதிரி ஆகும்.


சும்மா_சொல்றேன்

அம்மா அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் இருந்தால் சரி. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. கிலோ பன்னிரண்டு ரூபாய்.


ஷிஃப்ட்_முடிஞ்சது

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடுவில் நைட் ஷிஃப்ட்.

முதலில் நைட்_டூட்டி அக்கா சொன்னதைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். போன வருஷம் புத்தகமும் மலைச் சாமானுமாக மொத்தம் 19 ஆர்டர். அதில் 14 நைட் ஷிஃப்ட் வாரங்களில். டென்ட் 3:12-க்கு. அன்றைக்கு என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறது, ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகி, மேலதிகாரி வரும்வரை கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் லைன் நின்றுபோய் அமைதியாக இருந்தது. மலையில் படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், ஐந்து நிமிஷத்தில் டென்ட் வாங்கிவிட்டேன். கார்டு எண்ணை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

டெபாசிட்டை உடைத்தேன் வரவு_செலவு அண்ணா. சும்மா_சொல்றேன் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தயங்கினேன், அதுவும் நியாயமாகத்தான் பட்டது, அப்புறம் ஸ்டேட்மென்ட்டில் வட்டி விகிதத்தைப் பார்த்தேன், 3.6. உடைத்துவிட்டேன். கார்டு பாக்கி பூஜ்யம். சீட்டு பதிவு செய்த கம்பெனிதான், ரசீதில் எண் இருக்கிறது, கடைசிவரை எடுக்கப் போவதில்லை. பதினொரு ஷீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை ஒரு ஃபோல்டரில் போட்டேன், அழிக்க மனசு வரவில்லை, அது என் பொழுதுபோக்கு இல்லையா.

டென்ட்டை ரூம்மேட்டின் சித்தப்பா மகன் 2,800-க்கு எடுத்துக்கொண்டான், நான் வாங்கியது 5,200. அவன் அதை மலைக்குக் கொண்டு போகவில்லை, மாந்தோப்பில் ராத்திரிக் காவலுக்கு விரித்திருக்கிறான். போட்டோ அனுப்பினான், உள்ளே டிபன் கேரியரும் டார்ச்சும், வாசலில் ஒரு நாய்.

நூலகத்தில் உறுப்பினர் ஆகியாச்சு. போன ஞாயிறு ராயக்கோட்டை. பஸ், டீ, இட்லி எல்லாம் சேர்த்து 140 ரூபாய் ஆனது. ஏறும்போது பாதியில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார், ஷூவைப் பார்த்துவிட்டு “மிலிட்டரியா தம்பி?” என்றார். உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தேன், காற்றில் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பதுதான் வேலை.

தேனிக்காரன் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. விரல் விட்டுப் பார்த்தேன், ஷூ எனக்கு அரை அளவு சின்னது. மாற்றித் தரும் நாள் எல்லாம் தாண்டிவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டி இறங்கினேன், வலது கால் பரவாயில்லை, இடது பெருவிரல் லேசாக வலிக்கிறது, கறுக்கவில்லை. இதை வைத்து ஓட்டலாமா, இல்லை இதையும் விற்றுவிட வேண்டுமா?


தேனிக்காரன்

இடது கால் உங்களுக்குக் கொஞ்சம் பெரிசு, நிறையப் பேருக்கு ஒரு கால் அப்படித்தான் இருக்கும். உள்ளே இருக்கிற மெத்தையை இடது ஷூவில் மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒன்று வெட்டிப் போட்டுப் பாருங்கள், செருப்பு தைக்கிறவரிடம் சொன்னால் ஐம்பது ரூபாய்க்குள் செய்து கொடுப்பார். சாக்ஸும் மெல்லிசு. அதோடு கிருஷ்ணகிரிக் கோட்டை ஒரு தடவை ஏறி இறங்குங்கள். அப்போதும் வலித்தால் விற்றுவிடுங்கள், ஆனால் புதுசு வாங்குவதென்றால் சாயந்திரம் கடைக்குப் போய்க் காலை விட்டுப் பார்த்து வாங்குங்கள், மூணு மணிக்குப் போனில் வேண்டாம்.